மலையேற்றப் பைக்கு எந்தக் கரண்டி? எடை குறைந்த சாப்பாட்டுச் சாமான்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காலணி வாங்க மாதக்கணக்கில் யோசிக்கிறவர்கள்கூட, கரண்டி விஷயத்தில் கிளம்பும் அன்று காலையில் அடுக்களையில் கைக்கு அகப்பட்டதை எடுத்துப் பையில் போட்டுக்கொள்கிறார்கள். இன்னொரு கூட்டம் இருக்கிறது. இணையத்தில் எவரோ புகழ்ந்தார் என்று கரண்டியும் முள்கரண்டியும் ஒன்றாய்ச் சேர்ந்த, விலை கூடின டைட்டானியம் ஸ்போர்க்கை வாங்கிவிட்டு, மேகி சூப்பை அதில் அள்ள முடியாமல் தவிப்பார்கள். இரண்டு கூட்டத்துக்கும் குறை ஒன்றுதான். மலையில் என்ன சாப்பிடப்போகிறோம் என்று முதலில் பார்க்கவில்லை. சட்டியில் இருப்பதுதான் அகப்பையில் வரும் என்பார்கள். அகப்பையைத் தேர்ந்தெடுக்கவும் சட்டியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மலேசியாவில், பினாங்கு தேசியப் பூங்காவில் முன்அனுமதி வாங்கிக்கொண்டு பந்தாய் கெராச்சுட்டில் ஓர் இரவு தங்குகிறவர்கள், வார இறுதியில் உலு லங்காட் பக்கம் குனோங் நுவாங் மலை ஏறுகிறவர்கள், ஒரு வாரம் ஒதுக்கி குனோங் தாஹானுக்குப் போகிறவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். தண்ணீர்மலைக் கோயில் பக்கமிருந்து காலையில் கொடிமலை ஏறிவிட்டு மதியம் வீடு திரும்புகிறவர்களுக்கு இவ்வளவு யோசனை தேவையில்லை. ஒரு பொட்டலம் நாசி லெமாக்கும் வலது கையும் போதும்.

முதல் படி: சாப்பாட்டுப் பட்டியலை எழுதுங்கள்

வெளிநாட்டு வழிகாட்டிகளில் பெரும்பாலானவை உறைய வைத்து உலர்த்திய உணவைப் பையோடு வெந்நீர் ஊற்றிச் சாப்பிடுகிறவர்களுக்காக எழுதப்பட்டவை. அந்தப் பைகள் ஆழமானவை. அதனால்தான் அவர்கள் எல்லாரும் 21, 22 சென்டிமீட்டர் நீளக் கரண்டி வேண்டும் என்று ஒரே குரலில் சொல்கிறார்கள். நம் ஊர்க் கூடாரத்தில் வேகிறது வேறு: மேகி, சோறு, டின் சார்டின், நெத்திலிச் சம்பல், வெந்நீரில் போட்டுச் சூடாக்கும் ரெண்டாங் பொட்டலம், காலையில் ஓட்ஸ், எந்நேரமும் மைலோ.

ஒவ்வொரு வேளைக்கும் என்ன என்று ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்திலேயே அதைச் சாப்பிட என்ன வேண்டும் என்றும் எழுதுங்கள். சோறும் சார்டினும் என்றால் கை அல்லது கரண்டி. மேகி என்றால் இழையைத் தூக்க ஒன்று, சூப்பை அள்ள ஒன்று. ஓட்ஸ், கஞ்சி என்றால் குழிவான கரண்டி. எழுதி முடித்ததும் ஒன்று தெரியும்: கத்தி எங்குமே வராது. முள்கரண்டி வருவது மேகிக்கு மட்டும்தான். மேகியை வேகவைக்கும் முன் பாக்கெட்டோடு நான்கைந்து துண்டாக உடைத்துவிட்டால் அந்தத் தேவையும் போய்விடும், கரண்டியாலேயே அள்ளிச் சாப்பிடலாம். இழை நீளமாக இருந்தால்தான் மேகி என்பவர்களோடு நான் வாதாடப் போவதில்லை. அவர்கள் ஒரு ஜோடிக் குச்சி எடுத்துக்கொள்ளட்டும்.

கையாலேயே சாப்பிட்டால் என்ன? ஓர் இரவுப் பயணத்தில் தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் சாப்பிடும் முன்னும் பின்னும் கைகழுவ நல்ல தண்ணீர் வேண்டும். ஆற்றோரம் தங்கினால் தண்ணீர் எடுத்துக் கொதிக்கவைத்துக்கொள்ளலாம், மலைமுகட்டில் தங்கினால் ஒவ்வொரு குவளையும் நீங்கள் தூக்கி வந்ததாக இருக்கும். அட்டைக்கும் கொசுவுக்கும் தடவிய பூச்சி மருந்தையும் மறக்க வேண்டாம். அதில் டீட் என்ற வேதிப்பொருள் இருந்தால் அது வாய்க்குள் போகக் கூடாதது, சில வகைப் பிளாஸ்டிக்கையே கரைக்கக் கூடியது. நாளெல்லாம் அதைத் தடவிக்கொண்டு நடந்த கையால் ரசஞ்சோறு பிசைவது நல்லதில்லை. ஆகவே கை முதல் ஆயுதமாக இருக்கலாம், ஒரே ஆயுதமாக இருக்கக் கூடாது.

இரண்டாம் படி: இருப்பதை நிறுத்துப் பாருங்கள்

ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு போதும். என் வீட்டுச் சாமான்களை நிறுத்ததில் கிடைத்த கணக்கு ஏறத்தாழ இப்படி: எவர்சில்வர் தட்டு 250 கிராம், கிண்ணம் 120, டம்ளர் 90, கரண்டி 45, முள்கரண்டி 40. ஆக மொத்தம் 545 கிராம். உறுதியான டைட்டானியம் கரண்டி ஒன்று சுமார் 18 கிராம் இருக்கும்.

வீட்டுக் கரண்டிக்குப் பதில் டைட்டானியம் வாங்கினால் மிச்சமாவது 27 கிராம். இரண்டு மேசைக்கரண்டித் தண்ணீரின் எடைகூட அதைவிடக் கூடுதல். தட்டு, கிண்ணம், டம்ளர், முள்கரண்டி நான்கையும் வீட்டிலேயே விட்டுவிட்டு, சமைத்த சட்டியிலேயே அதே பழைய எவர்சில்வர் கரண்டியால் சாப்பிட்டால் மிச்சம் 500 கிராம். செலவு ஒரு காசு கிடையாது. கடைக்குப் போகும் முன் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். புதிதாக வாங்குவதைவிட எடுக்காமல் விடுவதுதான் பையை இளைக்க வைக்கும். இதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார்.

மூன்றாம் படி: எதனால் செய்ததை வாங்குவது

எவர்சில்வரைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். புளி, தக்காளி, உப்பு எதுவும் அதை ஒன்றும் செய்யாது, சட்டியின் அடியில் ஒட்டியதைச் சுரண்டலாம், நெருப்பில் உருகாது. குறை எடைதான், ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 8 கிராம். ஆனால் எல்லா எவர்சில்வர் கரண்டியும் ஒரே தடிமன் இல்லை. லிட்டில் இந்தியாவின் பாத்திரக் கடைகளில் மெல்லிய தகட்டில் அடித்த மலிவுக் கரண்டிகள் இருக்கும். கல்யாணப் பந்தி ரகம். அவற்றில் 20, 25 கிராம் உள்ளவை கிடைக்கும். சில ரிங்கிட் விலையில் டைட்டானியத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. கொஞ்சம் வளையும், அவ்வளவுதான். முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

டைட்டானியத்தின் அடர்த்தி சுமார் 4.5. அதாவது எவர்சில்வரைவிட ஏறக்குறைய பாதி எடை. துருப்பிடிக்காது, சுவையை மாற்றாது, வெப்பத்தை மெதுவாகக் கடத்துவதால் கொதிக்கும் சட்டியில் கிடந்த கரண்டியின் பிடி உடனே சுடாது. உருகுநிலை 1,668 டிகிரி செல்சியஸ், ஆகவே கேஸ் அடுப்பு அதை உருக்கிவிடும் என்ற பயம் வேண்டாம். ஒரு சங்கடம் உண்டு. பல கரண்டிகளின் மேற்பரப்பு மணல் தாள் போலச் சொரசொரப்பாக இருக்கும், பல்லிலும் உதட்டிலும் உரசும்போது உடம்பு கூசும். குழிவுப் பகுதியை மட்டும் மெருகேற்றிய கரண்டிகள் கிடைக்கின்றன, அவற்றையே தேடி வாங்குங்கள்.

அலுமினியத்தின் அடர்த்தி 2.7தான். நல்ல உலோகக் கலவையில் செய்த நீளக் கரண்டிகூட 12 கிராம் அளவில் கிடைக்கும். எடை மட்டுமே கணக்கு என்றால் உலோகங்களில் இதுதான் முதலிடம். ஆனால் வெப்பத்தை எவர்சில்வரைவிடப் பல மடங்கு வேகமாகக் கடத்தும், சூடான சட்டியில் விட்டுவிட்டுத் தொட்டால் விரல் சுடும். பூச்சில்லாத வெறும் அலுமினியம் புளிப்போடு சேரவும் சேராது. ரசம், அசாம் லக்சா சுவை மேகி போன்றவற்றில் உலோக வாடை ஏறும். கெட்டியான ஆனோடைஸ் பூச்சு உள்ளதையே வாங்குங்கள், அந்தப் பூச்சு கீறிப் போனதும் மாற்றிவிடுங்கள்.

பிளாஸ்டிக்கில் பல சாதி. தாப்பாவ் (பார்சல்) கட்டும்போது கடையில் தரும் நொறுங்கும் வகைக் கரண்டி பெரும்பாலும் பாலிஸ்டைரீன், 100 டிகிரி பக்கம் இளக ஆரம்பிக்கும். பொங்கி வரும் மேகியில் அது வளைவதைப் பார்த்திருப்பீர்கள். டிரைட்டான், பாலிப்ரொப்பிலீன் வகைகள் கொதிநீரைத் தாங்கும், 10 கிராம் பக்கத்தில்தான் எடை, சட்டியின் உட்பூச்சையும் கீறாது. ஆனால் அடுப்பில் இருக்கும் சட்டியின் விளிம்பில் சாய்த்து வைத்தால் உருகும். அப்புறம் மஞ்சள். வெள்ளை நிறக் கரண்டி ஒரே ஒரு சாம்பாரில் மஞ்சளாகி அப்படியே நின்றுவிடும். கறுப்போ சிவப்போ வாங்குங்கள்.

மரமும் மூங்கிலும் பார்க்க அழகு, கைக்கும் இதம். ஆனால் நம் ஊர் ஈரக்காற்றில், ஈரம் காயாமல் பைக்குள் இரண்டு நாள் கிடந்தால் பூஞ்சை பிடிக்கும். வெயிலில் காயவைக்க முடியாத மழைக்காலப் பயணத்துக்கு வேண்டாம். மூங்கில் பொருள் என்று சொல்லி விற்கும் சில தட்டுகளும் கோப்பைகளும் உண்மையில் மூங்கில் தூள் கலந்த மெலமின் பிளாஸ்டிக். சூடான உணவு பட்டால் அவற்றிலிருந்து ஃபார்மால்டிஹைடு வெளியேறக்கூடும். ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் இவற்றைச் சந்தையிலிருந்து நீக்கும் வேலையைத் தொடங்கியது. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள்.

இதற்கெல்லாம் மேலாக உங்கள் சட்டியைப் பாருங்கள். உள்ளே ஒட்டாத பூச்சு இருந்தால் உலோகக் கரண்டி எதுவும் கூடாது, பிளாஸ்டிக்கோ மரமோதான். அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

நான்காம் படி: உருவமும் நீளமும்

ஸ்போர்க் என்பது கரண்டியின் நுனியில் முள் வெட்டியது. நுனி வெட்டுப்பட்டதால் சூப் ஒழுகும். முள் குட்டையாக இருப்பதால் இழையும் சரியாகச் சுற்றாது. சட்டியின் மூலையில் ஒட்டிய சோற்றை வழிக்க வளைந்த விளிம்பு வேண்டும், ஸ்போர்க்கில் அதுவும் போய்விட்டது. நெகிழிப் பையில் வைத்துச் சாப்பிட்டால் முள் பையைக் குத்தும். பாஸ்தாவும் இறைச்சித் துண்டுமாகச் சாப்பிடுகிறவர்களுக்கு அது பொருந்தலாம். கஞ்சி, சோறு, சூப் என்று போகும் நம் சாப்பாட்டுக்குச் சாதாரணக் கரண்டியே மேல். ஒரு முனையில் கரண்டியும் மறுமுனையில் முள்ளும் உள்ள பிளாஸ்டிக் வகை கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் எந்த முனையைப் பிடித்தாலும் கையில் குழம்பு ஒட்டும்.

மடக்குக் கரண்டிகளைப் பார்த்தால் ஆசை வரும். சட்டைப் பையில் அடங்கும், பார்க்கவும் ஜோர். ஆனால் மடிப்பில் சோற்றுப் பருக்கையும் எண்ணெயும் புகுந்துகொள்ளும். நம் வெயிலில் அது ஒரே நாளில் நாறும், தேய்த்துக் கழுவவும் முடியாது. கெட்டியான சோற்றைக் கிளறும்போது பிடி படக்கென்று மடங்கும். எடையிலும் பெரிய லாபமில்லை. உங்கள் சட்டிக்குள் நேர்க்கரண்டி எதுவுமே அடங்காது என்றால் மட்டும் வாங்குங்கள்.

நீளத்துக்கு ஓர் எளிய அளவு உண்டு. சட்டியின் ஆழத்தோடு 6 சென்டிமீட்டரைக் கூட்டுங்கள். ஒருவருக்குப் போதுமான 750 மில்லிலிட்டர் குறுகிய சட்டியின் ஆழம் 11 சென்டிமீட்டர் பக்கம் இருக்கும், அதற்கு 17 சென்டிமீட்டர் கரண்டி போதும். இருவருக்குச் சமைக்கும் பெரிய சட்டி, அல்லது பையோடு சாப்பிடும் உலர் உணவு என்றால் 21க்கு மேல் போங்கள். குழிவு அகலமாக இருந்தால் சோறு வேகமாக உள்ளே போகும், ஆனால் சிறு பிள்ளைகளின் வாய்க்குப் பெரிதாக இருக்கும். நுனி ரொம்பக் கூராக இல்லாமல் சற்றுத் தட்டையாக இருந்தால் அடிப்பிடித்த ஓட்ஸை வழிக்க உதவும்.

ஐந்தாம் படி: தட்டு, கோப்பை

தட்டு வேண்டவே வேண்டாம். சட்டி இருக்கிறது. ஓர் இரவுப் பயணம் என்றால் வாழை இலையை நெருப்பில் லேசாக வாட்டி மடித்து எடுத்துப் போகலாம், வாட்டிய இலை கிழியாது. சாப்பிட்டதும் இலைதானே என்று காட்டில் வீசிவிடாதீர்கள். மிச்சச் சோற்று வாசனைக்கு முதலில் வருவது குரங்கு. பினாங்குத் தேசியப் பூங்காவின் குரங்குகளுக்கு மனிதர்களின் பையைத் திறக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இலையையும் மடித்துக் குப்பைப் பையில் போட்டுத் திரும்பக் கொண்டு வாருங்கள்.

கோப்பை என்பது மைலோ பிரியர்களின் பிரச்சினை. சட்டியிலேயே மைலோ கலந்து குடிக்கிறவர்களுக்குத் தேவையில்லை. மேகி வாசனை அடிக்கும் மைலோ வேண்டாம் என்பவர்கள் 450 மில்லிலிட்டர் அளவில் ஒற்றைச் சுவர் டைட்டானியம் கோப்பை வாங்கலாம், 60, 70 கிராம் வரும். அதையே அடுப்பிலும் வைக்கலாம். அலுமினியக் கோப்பை உதட்டைச் சுடும். இரட்டைச் சுவர்க் கோப்பை சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், ஆனால் அடுப்பில் வைக்கவே கூடாது. இரண்டு சுவர்களுக்கும் நடுவே அடைபட்ட காற்று சூட்டில் விரிந்து கோப்பையையே பிளக்கும்.

ஆறாம் படி: வாங்கும்போது சோதனை

இணையத்தில் வாங்கும்போது டைட்டானியம் என்று சொல்லி வேறு உலோகத்தைத் தலையில் கட்டுவது உண்டு. காந்தத்தை வைத்துப் பார்ப்பது பயன்படாது. டைட்டானியத்தில் காந்தம் ஒட்டாது, நல்ல எவர்சில்வரிலும் பெரும்பாலும் ஒட்டாது. அடர்த்தியைப் பார்ப்பதே சரியான வழி, வீட்டிலேயே செய்யலாம். 0.1 கிராம் வரை காட்டும் சிறிய தராசு வேண்டும்.

கரண்டியை உலர்ந்த நிலையில் நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். உயரமான டம்ளரில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்துப் பூஜ்ஜியம் ஆக்குங்கள். கரண்டியை நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள், அடியிலோ பக்கத்திலோ இடிக்கக் கூடாது. தராசு காட்டும் கிராம்தான் கரண்டியின் கன அளவு. முதலில் எழுதிய எடையை இதால் வகுங்கள். 4.5 பக்கம் வந்தால் டைட்டானியம். 8 வந்தால் எவர்சில்வர். 2.7 வந்தால் அலுமினியம். உதாரணமாக 18 கிராம் டைட்டானியம் கரண்டிக்குத் தராசு 4 கிராம் காட்டும், அதே எடை எவர்சில்வருக்கு 2.3தான் காட்டும். தங்கத்தை உரைத்துப் பார்த்து வாங்கிய வீட்டுப் பிள்ளைகளுக்கு இதில் புதுமை எதுவும் இருக்காது.

நேரில் கடையில் வாங்கினால் விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள், தகட்டு வெட்டு கூராக இருந்தால் உதடு கிழியும். பிடியின் முனையில் ஓட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். அது எதற்கு என்று அடுத்த படியில் சொல்கிறேன்.

ஏழாம் படி: தொலையாமல், நோய் வராமல்

காட்டில் கரண்டி உடைவது அபூர்வம், தொலைவதுதான் அதிகம். சாம்பல் நிற டைட்டானியம் கரண்டியைச் சருகு மேல் ஒரு நிமிடம் வைத்தால் பிறகு டார்ச் அடித்துத் தேட வேண்டும். அந்த ஓட்டையில் சிவப்போ ஆரஞ்சோ நூல் ஒன்றைக் கட்டுங்கள். சாப்பிட்டு முடித்ததும் சட்டிக்குள் போட்டு ரப்பர் பேண்டால் மூடியைக் கட்டிவிடுங்கள், வேறு எங்கும் வைக்காதீர்கள். ஐந்தாறு பேர் போகும் குழுவில் யாராவது ஒருவர் ஒரு பிளாஸ்டிக் கரண்டி கூடுதலாகக் கொண்டுபோவது நல்லது. 10 கிராமுக்கு யாரும் மூச்சு வாங்க மாட்டார்கள்.

தாமான் நெகாரா தேசியப் பூங்காவில் குனோங் தாஹான் ஏறுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உள்ளே கொண்டுபோகும் பொருள்களைப் பட்டியலிட்டு, திரும்பும்போது பூங்கா அதிகாரிகள் சரிபார்ப்பார்கள். ஒரு கட்டுத் தூக்கி எறியும் கரண்டிகளைக் கொண்டுபோய் அத்தனையையும் எண்ணித் திரும்பக் கொடுப்பதைவிட, ஆளுக்கு ஒரு நல்ல கரண்டி நிம்மதி.

கழுவும் விஷயத்தில்தான் பலர் அசட்டையாக இருக்கிறார்கள். ஆற்றில் அலசி, சட்டையில் துடைத்து, அப்படியே வாயில் வைப்பது நம் ஊரில் கூடாது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் நோயை மலேசியாவில் 2010 முதல் சுகாதாரத் துறைக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களில் சேர்த்திருக்கிறார்கள். தெளிந்த அருவி நீரும் இதற்கு விலக்கில்லை. சாப்பிட்டதும் சட்டியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து, அதிலேயே கரண்டியையும் போட்டு அலசுங்கள். காலை மைலோவுக்குத் தண்ணீர் கொதிக்கும்போது கரண்டியை மறுபடி ஒருமுறை முக்கி எடுங்கள். அலசிய நீரை ஆற்றிலிருந்து 60 மீட்டராவது தள்ளி ஊற்றுங்கள். சவர்க்காரம் ஆற்றுக்குள் போகக் கூடாது.

எந்தப் பயணத்துக்கு எது

பந்தாய் கெராச்சுட் ஓர் இரவு: வாட்டிய வாழை இலை, கை, மெல்லிய எவர்சில்வர் கரண்டி ஒன்று. கைகழுவத் தண்ணீரைச் சேர்த்துத் தூக்க மறக்காதீர்கள்.

குனோங் நுவாங் இரண்டு நாள்: 750 மில்லிலிட்டர் சட்டி, ஒரு கரண்டி. கெம் லோலோ முகாமில் ஆற்றுப் பக்கம் தங்கினால் கொதிக்கவைக்கத் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. கோப்பை உங்கள் இஷ்டம்.

குனோங் தாஹான் ஒரு வாரம்: இங்கேதான் டைட்டானியத்துக்குக் கொடுக்கும் காசுக்கு அர்த்தம் வருகிறது. தினமும் மூன்று வேளை, ஏழு நாள் பயன்படும் பொருள் அது. மெருகேற்றிய குழிவுள்ள நீளக் கரண்டி, ஒற்றைச் சுவர்க் கோப்பை. குழுவாகச் சமைத்தால் பரிமாற ஒரே ஒரு பெரிய கரண்டி, அது ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும். குழுவில் சைவம் சாப்பிடுகிறவர்கள் இருந்தால் அவர்களுக்குத் தனிச் சட்டியும் வேறு நிற நூல் கட்டிய தனிக் கரண்டியும் வைத்துவிடுங்கள். கிளம்பும் முன்பே பேசிவிட்டால் மலையில் முகம் சுளிக்க வேண்டியிராது.

கினபாலு மலை: 3,272 மீட்டரில் தங்கும் விடுதியிலேயே சாப்பாடு கிடைப்பதால் சட்டியும் அடுப்பும் வேண்டாம், கோப்பைகூட உங்கள் விருப்பம்தான். பினாங்கிலிருந்து விமானத்தில் போகும்போது முள்கரண்டி, மடக்குக் கத்தி போன்றவற்றைக் கைப்பையில் வைக்காமல் சரக்குப் பையில் போடுங்கள். வெறும் கரண்டிக்குப் பொதுவாகச் சிக்கல் வராது, ஆனாலும் அதையும் சேர்த்தே போட்டுவிடலாம்.